டிவிக்கு எந்தச் சுவர்?

இந்த எபிசோட் ஒரு எக்செல் ஷீட்டில் தொடங்குது. சிரிக்காதீங்க. டிவி வாங்க எக்செல் ஷீட் போடாத இன்ஜினியர் யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பாப்போம்.

பொங்கலுக்குத் தூத்துக்குடி போயிருந்தேன். எங்க வீட்டு 32 இன்ச் டிவியின் திரையில் இடது ஓரமாக ஒரு பச்சைக் கோடு விழுந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது. அம்மா போனில் அதைப் பற்றி மூச்சே விடலை. கேட்டதுக்கு, "அது பாட்டுக்கு ஓரமாத்தானய்யா கெடக்கு" என்றார். நான் அன்றைக்கே முடிவு பண்ணிட்டேன். 55 இன்ச், சுவரில் மாட்டுகிற மாதிரி. அந்தப் பழைய ஷோகேஸைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டுடலாம். ராத்திரியே உட்கார்ந்து ஷீட் போட்டேன். பதினாலு மாடல், ஒன்பது காலம். விலை, பேனல் வகை, வெளிச்சம், ஸ்பீக்கர், எத்தனை எச்டிஎம்ஐ போர்ட் என்று எல்லாமே இருந்தது. ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு. எந்தச் சுவரில் மாட்டுறது?

எங்க ஹால் பத்துக்குப் பதினாலு. தெருவாசல் கிழக்கே பார்த்தது. காலையில் பத்து மணி வரைக்கும் வெயில் வாசல் வழியா நேரா உள்ளே வந்து எதிர்ச் சுவரில்தான் அடிக்கும். வடக்குச் சுவரில் சன்னலும் இல்லை, வெயிலும் இல்லை, டிவி மாட்டுறதுக்குன்னே கட்டின மாதிரி இருக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கு? நான் வடக்குச் சுவரைக் காட்டினேன். அப்பா வாசலுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"பிளக் பாயிண்ட் இங்கதான இருக்கு?"

"அதை மாத்திக்கலாம்ப்பா."

"கேபிள் வயரும் இந்தப் பக்கமாத்தான் வருது."

"இனிமே கேபிளே வேண்டாம்ப்பா, வைஃபை போதும்."

"ஏல, எனக்கு இங்கதான் வேணும். விட்டுரு."

அப்பா அப்படி எதுக்கும் பிடிவாதம் பிடிக்கிற ஆள் இல்லை. முப்பது வருஷம் உப்பளத்தில் கணக்கு எழுதினவர். பத்துப் பைசா இடித்தாலும் காரணம் கேட்பார், காரணம் சொன்னா ஒத்துக்குவார். இதுக்கு மட்டும் காரணமே சொல்ல மாட்டேன்கிறாரே என்று ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் கோவில்பட்டியில் இருக்கிற அத்தைக்கு போன் போட்டேன். அத்தை சிரிச்சாங்க. "உங்கப்பனுக்கு அந்தச் சன்னல் இன்னும் மறக்கலயோ?"

அந்தச் சன்னலைப் பற்றித்தான் இந்த எபிசோட். ஆனா அதுக்கு 1982-க்குப் போகணும்.

சென்னைக்கு டிவி வந்தது 1975 ஆகஸ்ட் 15. டெல்லியில் 1959-லேயே சோதனை முறையில் ஆரம்பிச்சு, 1972-ல் பம்பாய்க்குப் போய், அப்புறம்தான் நமக்கு வந்தது. 'நமக்கு' என்று சொல்றேன், ஆனா அது சென்னைக்கும் சுத்துவட்டாரத்துக்கும்தான். தூத்துக்குடிக்கு அந்த சிக்னல் வரவே இல்லை. டிவி ஒளிபரப்புக்குப் பயன்படுத்தின அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி உருண்டையா இருக்கிறதால, டவரின் உயரத்தைப் பொறுத்து ஒரு தூரத்துக்கு அப்புறம் சிக்னல் நம்ம தலைக்கு மேலே போயிடும். ஆகவே தென் மாவட்டங்களுக்கு டிவி என்பது பல வருஷம் சினிமா இதழ்களில் படிக்கிற விஷயம்தான்.

ஆனா எங்க ஊருக்கு எதிரே கடல். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கே 1979-லேயே டிவி வந்துடுச்சு. 1982 பிப்ரவரியில் ஜப்பான் அரசின் உதவியோட ரூபவாஹினி என்ற தேசிய டிவி ஆரம்பிச்சாங்க. அதன் ஒளிபரப்பு டவர் ஒன்று பிதுருதலாகல மலை மேலே. 2,524 மீட்டர், அந்தத் தீவிலேயே உயரமான இடம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்துகூட சுமார் 200 கிலோமீட்டர் வரைக்கும்தான் சிக்னல் நேராகப் போகும். தூத்துக்குடி 300 கிலோமீட்டருக்கும் மேலே. கணக்குப்படி படம் வரக்கூடாது.

வந்தது. கடல் மேலே குளிர்ந்த ஈரக்காற்றும் அதுக்கு மேலே சூடான காற்றும் அடுக்கு அடுக்காக நிற்கும்போது, அலை அந்த அடுக்குக்குள்ளே மாட்டிக்கிட்டு பூமியின் வளைவை ஒட்டியே போகும். ஒரு குழாய்க்குள்ளே போகிற மாதிரி. காற்று மாறினா படமும் மாறும். சில ராத்திரி கண்ணாடி மாதிரி தெளிவா வரும், சில ராத்திரி வெறும் புள்ளி. இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்த ஊருக்கு இது அடுத்த படி மாதிரி இருந்தது. மொட்டைமாடியில் இருபது, முப்பது அடி உயரக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, அதை ராமேஸ்வரம் பக்கமா, கொழும்புப் பக்கமா என்று திருப்பிக்கிட்டே இருக்க ஒரு ஆள் மேலே, "வந்துட்டு, வந்துட்டு… போயிட்டு!" என்று கத்த ஒரு ஆள் கீழே. அந்த மீன்முள் ஆன்டெனாவுக்குப் பேர் யாகி. 1920களில் யாகி, உடா என்ற ரெண்டு ஜப்பான்காரர்கள் கண்டுபிடிச்சது.

எங்க தெருவில் முதல் டிவி வந்தது ஒரு தோணிக்காரர் வீட்டில். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: தோணி என்றால் இங்கே பாய்மரம் கட்டிய சரக்குக் கப்பல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பல தலைமுறையா போய்வந்தது. அவர் கொழும்பிலிருந்து ஒரு ஜப்பான் டிவியைக் கொண்டுவந்தார். ஹாலில் சன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் ஸ்டூல் போட்டு வச்சிருந்தாங்க. சாயங்காலம் ஆனா வீட்டு ஆட்களும் சொந்தக்காரர்களும் நாற்காலியில். அவர்கிட்ட வேலை பார்க்கிறவங்களின் பிள்ளைகள் வாசப்படியில். மிச்சப் பேர் வெளியே, சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. யார் உள்ளே, யார் படியில், யார் சன்னலில் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கலை. தெருவுக்கே தெரியும்.

அப்பாவுக்கு அப்போ பன்னிரண்டு வயசு, அத்தைக்கு ஒன்பது. ரெண்டு பேரும் சன்னல். "சிங்களச் செய்தி வாசிப்பாவ. ஒரு எழுத்து புரியாது. அதையும் கண்ணு மூடாம பாப்போம்டா" என்றாங்க அத்தை. தமிழ் நிகழ்ச்சி வந்தா உள்ளேயும் வெளியேயும் ஒரே அமைதி. கிரிக்கெட் வந்தா ஒரே சத்தம்.

நடுவில் 1983 ஜூலை. கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்களின் வீடும் கடையும் எரிஞ்சது. ஆட்கள் தெருவில் கொல்லப்பட்டாங்க. 28-ம் தேதி ஜனாதிபதி ஜெயவர்த்தனா டிவியில் தோன்றி நாட்டுக்குப் பேசினார். செத்துப்போன தமிழர்களுக்காக ஒரு அனுதாப வார்த்தை அந்தப் பேச்சில் இல்லை. தோணிக்காரர்களுக்குக் கொழும்பில் கிட்டங்கி, கடை, உறவு எல்லாம் உண்டு. அந்த வாரம் அந்த வீட்டில் டிவி ஓடினப்போ சன்னலை யாரும் சாத்தலை, யாரும் உள்ளேயும் கூப்பிடலை, எல்லாரும் ஒரே மாதிரி வாயடைச்சு நின்னாங்க என்கிறதுதான் அத்தையின் ஞாபகம்.

அப்புறம் ஒருநாள், அது 83 கடைசியா 84 தொடக்கமா என்று அத்தைக்குச் சரியாச் சொல்ல முடியலை, சாயங்காலம் வழக்கம் போல ஓடிப்போய்ச் சன்னலைப் பிடிச்சாங்களாம். டிவியை இடம் மாத்தியிருந்தாங்க. எதிர்ச் சுவரிலிருந்து எடுத்து, சன்னல் இருக்கிற சுவரோரமா, உள்பக்கம் பார்த்த மாதிரி. வெளியே நிற்கிறவங்களுக்குத் திரை தெரியாது. டிவியின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும்.

யாரும் திட்டலை. யாரும் விரட்டலை. சன்னலைச் சாத்தக்கூட இல்லை.

"மத்த பிள்ளைக எல்லாம் போயிட்டு. நானும் போயிட்டேன். உங்கப்பன் மட்டும் ஒரு மாசம் அந்த டிவியோட முதுகையே பாத்துக்கிட்டு நின்னான். சத்தம் கேக்கும்லா." அத்தை இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

நான் போனை வச்சுட்டு ரொம்ப நேரம் அந்த முதுகைத்தான் யோசிச்சேன். இங்கே என் இன்ஜினியர் புத்தி குறுக்கே வருது, மன்னிக்கணும். ஆனா இருபது வயசுக்குக் கீழே இருக்கிறவங்க அப்படி ஒரு முதுகைப் பார்த்தே இருக்க மாட்டீங்க. அது தெரியாம சுவரில் மாட்டுற டிவி எவ்வளவு பெரிய விஷயம்னு புரியாது.

அந்தக் கால டிவி ஒரு கண்ணாடிக் குடுவை. ஜெர்மனியில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-ல் செய்த குழாயின் வாரிசு. முன்பக்கம் அகலமான திரை, பின்பக்கம் போகப் போக ஒடுங்கி, கடைசியில் பாட்டில் கழுத்து மாதிரி முடியும். அந்தக் கழுத்துக்குள்ளே ஒரு சின்ன இழை சூடாகி, ஆரஞ்சு நிறத்தில் கனலும். அதிலிருந்து கிளம்புகிற எலெக்ட்ரான்களை ஆயிரக்கணக்கான வோல்ட் இழுத்துத் திரையில் மோதவிடும். மோதின இடம் ஒளிரும். கழுத்தைச் சுற்றிக் கட்டிய செம்புக் கம்பிச் சுருள் அந்தக் கற்றையை இடமும் வலமும் மேலும் கீழும் வளைக்கும். நம்ம ஊர் முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, வினாடிக்கு 25 படம். பின்பக்க மூடியில் சூடு வெளியேற நிறைய துளை இருக்கும். இருட்டில் அது வழியாகப் பார்த்தா அந்த ஆரஞ்சு வெளிச்சம் தெரியும். அப்பா ஒரு மாசம் பார்த்தது அதைத்தான்.

இதில் சிக்கல் என்னன்னா, கற்றையை ஒரு அளவுக்கு மேலே வளைக்க முடியாது. 70 டிகிரி, 90, 110 என்று இன்ஜினியர்கள் முட்டி மோதிப் பார்த்தாங்க. அதனால் திரை பெரிசாக ஆக முதுகும் நீளணும். உள்ளே வெற்றிடம், வெளியே காற்றழுத்தம், தாங்குறதுக்குக் கண்ணாடி தடிமனாகணும். 1989 வாக்கில் சோனி 43 இன்ச்சில் ஒரு குழாய் டிவி செய்தது. எடை சுமார் 200 கிலோ! சுவரில் மாட்டுறதா? சுவரே கூட வந்துடும்.

அதனால்தான் உலகம் முழுக்க டிவி மூலையில் உட்கார்ந்தது. முதுகை வைக்க மூலைதான் வசதி. வரவேற்பறையில் சோபா எங்கே, அலமாரி எங்கே, யார் எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும் என்பதையெல்லாம் அந்தத் தொப்பைதான் தீர்மானிச்சது. நம்ம ஊரில் அதுக்கு ஷட்டர் வச்ச மரப்பெட்டி செய்தாங்க. சாலிடேர், டயனோரா எல்லாம் சென்னை கம்பெனிகள்தான், உங்க தாத்தா வீட்டில் ஒண்ணு கட்டாயம் இருந்திருக்கும். ஷட்டரை இழுத்துப் பூட்டலாம். பூட்டு என்றால் நிஜப் பூட்டு, சாவி அம்மாக்களிடம்.

சுவரில் படம் மாதிரி டிவியை மாட்டணும் என்கிற ஆசை, டிவி வந்த கொஞ்ச காலத்திலேயே வந்துடுச்சு. அமெரிக்காவில் ஆர்சிஏ கம்பெனியை நடத்திய டேவிட் சார்னாஃப் 1951-லேயே தன் ஆய்வாளர்களிடம் பெரிய திரைக்கு வழி கண்டுபிடிங்க என்று கேட்டார். அதே கம்பெனியில் ஜார்ஜ் ஹெய்ல்மெயர் என்ற இளைஞர் 1960களில் திரவப் படிகத்தில் மின்சாரம் செலுத்திக் காட்சி காட்டினார். 1968-ல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவிச்சாங்க. அப்புறம் ஒண்ணும் நடக்கலை. குழாய் டிவியில் காசு கொட்டிக்கிட்டு இருந்தது. அதைக் கொல்லப்போகிற பொருளுக்கு யார் காசு போடுவாங்க? எனக்குத் தெரிஞ்ச சாஃப்ட்வேர் கம்பெனிகளிலும் இதே கதையை நாலு தடவை பார்த்தாச்சு.

வேலையைச் செய்து முடிச்சது ஜப்பான்காரங்க. 1973-ல் ஷார்ப் கம்பெனி அதை கால்குலேட்டரில் வச்சது. 1988-ல் அதே ஷார்ப் 14 இன்ச் வண்ணத் திரை காட்டியது. அதுக்குள்ளே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1964-ல் கம்ப்யூட்டர் வழி பாடம் நடத்துறதுக்காகக் கண்டுபிடிச்ச பிளாஸ்மா திரை வேற வழியில் ஓடிவந்து, 1997-ல் 42 இன்ச் தட்டை டிவியாகக் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் அதன் விலை சுமார் 15,000 டாலர். அன்றைக்கு அந்தக் காசுக்கு இங்கே வீட்டுமனையே வாங்கலாம்.

திரவப் படிகம் என்றால் என்னன்னு ஒரு வரி. 1888-ல் ரெய்னிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த பொருள்களை ஆராய்ந்தப்போ, ஒரு பொருள் ரெண்டு தடவை உருகுறதைப் பார்த்தார். முதலில் கலங்கலாக, அப்புறம் தெளிவாக. நடுவில் இருக்கிற அந்த நிலையில் அது திரவம் மாதிரி ஓடும், ஆனா மூலக்கூறுகள் படிகம் மாதிரி வரிசையா நிற்கும். மின்சாரம் கொடுத்தா வரிசை திரும்பும், ஒளியை விடும் அல்லது மறைக்கும். லட்சக்கணக்கான குட்டிச் சன்னல்கள் என்று வச்சுக்கோங்க. பின்னால் விளக்கு, முன்னால் சன்னல். திறந்து மூடுறதுதான் படம்.

அந்தச் சன்னலுக்கு ஒரு குறை இருந்தது. நேராக உட்கார்ந்து பார்த்தா அழகா இருக்கும், பக்கவாட்டில் நின்னா சாயம் போயிடும். பழைய லேப்டாப் திரையைச் சாய்த்துப் பார்த்தவங்களுக்குத் தெரியும், முகமெல்லாம் நெகட்டிவ் மாதிரி ஆகிடும். குழாய் டிவியில் இந்தப் பிரச்சினை கிடையாது, எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். யோசிச்சுப் பாருங்க. 1983-ல் அந்த வீட்டில் இருந்தது ஆரம்ப கால எல்சிடி டிவியா இருந்திருந்தா, அதை இடம் மாத்தவே வேண்டியிருக்காது. கொஞ்சம் திருப்பி வச்சிருந்தாலே போதும்.

இந்தக் குறையைத் தீர்த்ததில் நம்ம ஆள் ஒருத்தருக்குப் பங்கு இருக்கு. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் என்று ஒரு விஞ்ஞானி. நோபல் வாங்கிய சந்திரசேகர் இல்லை, இவர் வேற. ரெண்டு பேருமே சர் சி.வி. ராமனின் உடன்பிறந்தவங்க பிள்ளைகள், பேரும் ஒண்ணு, குழப்பம் சகஜம். அதுவரைக்கும் குச்சி மாதிரி நீளமான மூலக்கூறுகள்தான் திரவப் படிகமாகும் என்று எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 1977-ல் இவரும் இவர் குழுவும் தட்டு மாதிரி வட்ட மூலக்கூறுகளும் ஆகும் என்று நிரூபிச்சு, 'பிரமாணா' என்ற நம்ம நாட்டு ஆய்விதழில் வெளியிட்டாங்க. அந்தத் தட்டு மூலக்கூறுகளைப் பூசித்தான் ஃபியூஜி கம்பெனி 1990களில் ஒரு மெல்லிய பிலிம் செய்தது. எல்சிடி திரை மேலே ஒட்டினா பக்கவாட்டில் இருந்தும் படம் தெரியும். உங்க பழைய ஆபீஸ் மானிட்டர் நிறையவற்றில் அது இருந்திருக்கு. அதே சமயத்தில் ஹிட்டாச்சி கம்பெனி மூலக்கூறுகளைப் படுக்கைவாட்டில் திருப்புகிற ஐபிஎஸ் முறையைக் கொண்டுவந்தது. இன்றைக்குக் கடையில் ஐபிஎஸ், விஏ என்று சொல்வாங்களே, அந்த ஐபிஎஸ்.

சரி, ஊருக்குத் திரும்புவோம். கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் டவர் வந்து, தென் மாவட்டங்களுக்கும் 'ஒளியும் ஒலியும்' கிடைச்சது. ஞாயிறு காலை ராமாயணம், அப்புறம் மகாபாரதம். ஆன்டெனாக்கள் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பின. 1993 தமிழ்ப் புத்தாண்டுக்கு சன் டிவி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், வேகமாகப் போயிடுறேன்.

அப்பா முதல் டிவி வாங்கியது கல்யாணத்துக்கு அப்புறம். செகண்ட் ஹேண்ட் டயனோரா, கறுப்பு வெள்ளை, ஷட்டர் வச்சது. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள் முதல் அது வாசலுக்கு எதிர்ச் சுவரோரம்தான் இருந்தது. முதுகு நீட்டிக்கிட்டு இருந்ததால் அடுக்களைக்குப் போக ஒருக்களித்துத்தான் போகணும். அம்மா எத்தனையோ தடவை மூலையில் வைக்கச் சொல்லியிருக்காங்க. "இங்கேயே இருக்கட்டும்." வாசல் கதவு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்தே இருக்கும். தெருப் பிள்ளைகள் உள்ளே வந்து சிமெண்ட் தரையில் உட்கார்ந்து பார்க்கும். உட்கார இடம் இல்லாட்டி வாசலில் நிற்கும். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் என்று நினைச்சு வளர்ந்தேன். அப்பா ஏன் அங்கே வச்சார் என்று எனக்குக் கேட்கத் தோணவே இல்லை.

2006 தேர்தலில் திமுக இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொல்லி ஜெயிச்சு, அந்த வருஷம் செப்டம்பரில் கொடுக்க ஆரம்பிச்சது. 14 இன்ச் குழாய் டிவி. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேலான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்க தெருவுக்கு வந்தப்போ நான் பள்ளிக்கூடத்தில் படிச்சுக்கிட்டு இருந்தேன். ரேஷன் கார்டை எடுத்துக்கிட்டு அப்பாவோட வரிசையில் நின்னது ஞாபகம் இருக்கு. பெட்டியைத் தலையில் வச்சுக்கிட்டு வந்தார். வேடிக்கை என்னன்னா, நாம வீட்டுக்கு வீடு குழாய் டிவி கொடுத்துக்கிட்டு இருந்த அதே 2008 வாக்கில்தான் உலகச் சந்தையில் எல்சிடி விற்பனை குழாய் டிவியைத் தாண்டியது.

இதை எதிர்த்து வழக்குப் போட்டாங்க. மக்கள் வரிப்பணத்தில் பொழுதுபோக்குச் சாமான் கொடுக்கலாமா என்று கேள்வி. 2013 ஜூலை 5-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுக்கிறது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, அதே சமயம் தேர்தல் ஆணையம் இதுக்கு விதிமுறை வகுக்கணும் என்றது. காலேஜ் ஹாஸ்டலில் இதை வச்சு நாங்க விடிய விடியச் சண்டை போட்டிருக்கோம். நானே "அந்தக் காசுக்கு எத்தனை பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம்" என்று பேசியிருக்கேன். அது இன்னமும் நியாயமான கேள்விதான். ஆனா அன்றைக்கு நான் பேசினப்போ, டிவி இல்லாத வீடு என்றால் படம் பார்க்காத வீடு என்று மட்டும்தான் நினைச்சேன். யாரோ ஒருத்தர் வீட்டுச் சன்னலில் நிற்கிற பிள்ளைகள் உள்ள வீடு என்று நினைக்கலை. அந்த 14 இன்ச் வந்த அன்றைக்கு எங்க வீட்டு வாசலில் நிற்க ஆளே இல்லை. எல்லாரும் அவங்கவங்க வீட்டில் இருந்தாங்க. அப்பா அன்றைக்கும் கதவைத் திறந்துதான் வச்சிருந்தார்.

அத்தையிடம் பேசினதை அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் யோசிச்சேன். கடைசியில் சாப்பிடும்போது, "தோணிக்காரர் வீட்டு டிவி பத்தி அத்தை சொன்னாங்கப்பா" என்றேன். "அவளுக்கு வேற வேலை இல்ல" என்றார். மோர் ஊத்திக்கிட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நாற்காலி இங்க போட்டாத்தான எனக்குக் காத்து வரும்? அதுக்குத்தான்." எனக்கு அதுக்கு மேலே கேட்க வரலை.

அன்றைக்கு ராத்திரி ஷீட்டைத் திறந்து, புதுசா ஒரு காலம் சேர்த்தேன். எந்தச் சுவர்: வாசலுக்கு எதிரே. அதை நிரப்பினதும் மத்த ஒன்பது காலமும் தானா மாறுச்சு. முதல் இடத்தில் இருந்தது ஒரு ஓஎல்இடி. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற வகை, கறுப்பு என்றால் நிஜக் கறுப்பு, எந்தக் கோணத்திலும் தெரியும். ராத்திரி படம் பார்க்க அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா காலை வெயிலில் முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிடும். அதோட அப்பா நாள் முழுக்க நியூஸ் சேனல் வைப்பார். கீழே ஓடுற அந்தச் சிவப்புப் பட்டையும் மூலையில் இருக்கிற லோகோவும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்னா திரையில் தழும்பு விழும். விலையும் ரெண்டு மடங்கு. வெட்டினேன். அடுத்தது விஏ பேனல். கறுப்பு நல்லா வரும், நேரா உட்கார்ந்தவனுக்கு ரொம்ப நல்லா இருக்கும், ஓரத்தில் நிற்கிறவனுக்கு வெளுக்கும். அதையும் வெட்டினேன். மிச்சம் இருந்தது ஐபிஎஸ் பேனல், அதிலும் வெளிச்சம் அதிகமா உள்ளது, திரை மேலே பளபளப்பு குறைஞ்சது. கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். "எல்லாரும் வேற மாடல்தான் சார் கேக்குறாங்க, இருட்டுல கறுப்பு கொஞ்சம் சாம்பலாத் தெரியுமே?" தெரியட்டும். எங்க வீட்டில் டிவி ஓடும்போது இருட்டு இருக்காது.

நீங்களும் வாங்கப் போறீங்கன்னா ரெண்டு விஷயம் சொல்லிடுறேன். டிவியின் பின்னால் நாலு திருகுத் துளை இருக்கும், 200க்கு 200 மில்லிமீட்டர், 400க்கு 400 என்று அளவு போட்டிருக்கும். வெசா என்று பேர். எந்தக் கம்பெனி டிவியும் எந்தக் கம்பெனி பிராக்கெட்டிலும் உட்காரும்படி வச்ச பொது அளவு. கூடக் கொடுக்கிற பிராக்கெட் சரியில்லைன்னா அளவைப் பார்த்து வெளியே வாங்கிக்கலாம். இன்னொண்ணு உயரம். நம்ம வீடுகளில் டிவியைச் சாமி படம் மாதிரி உச்சியில் மாட்டிடுறோம், கழுத்து போயிடும். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரா, தரையிலிருந்து தோராயமா மூன்றரை அடியில் இருக்கணும்.

மாட்ட வந்த தம்பி பென்சிலால் மூன்றரை அடியில் குறி போட்டார். அப்பா வாசலுக்கு வெளியே போய் நின்னு பார்த்தார். "இன்னும் ஒரு அரையடி மேல" என்றார். நான் கழுத்து, கண் மட்டம் என்று ஆரம்பிச்சேன். அம்மா என் கையைத் தொட்டாங்க. நாலடியில் மாட்டினோம். பழைய செங்கல் சுவர், துளை போட்டப்போ பூச்சு பொலபொலன்னு கொட்டுச்சு, நீளமான ஆங்கர் போல்ட் வாங்கப் பஜாருக்கு ரெண்டு தடவை ஓடினேன். ஷோகேஸ் மாடிப்படிக்குக் கீழே போகலை. அம்மா அதில் இப்போ ஊறுகாய் பாட்டில் அடுக்கியிருக்காங்க.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, நான் சொன்ன மாதிரியே, வெயில் திரையின் பாதியில் அடிச்சது. நியூஸ் வாசிக்கிறவர் கழுத்துக்குக் கீழே வெளுத்துப்போய் இருந்தார்.

"வாசலுக்கு ஒரு ஸ்கிரீன் துணி போட்டுக்கலாமாப்பா?"

அப்பா பதில் சொல்லலை. நாற்காலியை ரெண்டு அடி தள்ளிப் போட்டு உட்கார்ந்துக்கிட்டார்.